மூச்சடக்கிக் கடல் தாண்டும் பழம்

அந்த அறையின் கதவை நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. தரையிலிருந்து கூரைவரை பெரிய பெரிய பெட்டிகள். பெட்டி நிறைய ஆப்பிள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு, பக்கத்தில் அபாய அறிவிப்பு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அந்த அறைக்குள் 1 முதல் 2 சதவீதம்தான். சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகிறவர், கூப்பிட வாய் திறப்பதற்குள் சுருண்டு விழுந்துவிடுவார். குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிரிலும் இருட்டிலும் ஆப்பிள்கள் எட்டு மாதம், பத்து மாதம், சில சமயம் ஓராண்டுகூட உயிரோடு கிடக்கின்றன.

உயிரோடு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை இழுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவை வெளியே விடுகிறது. கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் விடுகிறது. பழுத்த பழம் ஒன்றைக் காய்களுக்கு நடுவில் வைத்து அரிசிப் பானையில் மூடினால் எல்லாம் பழுத்துவிடும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம். அதைச் செய்வது இந்த வாயுதான். மூச்சு வேகமாக ஓடினால் இனிப்பும் புளிப்பும் கரைந்து, கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டிய சதை மாவாகிவிடும்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. விளைந்ததைக் கெடாமல் காக்க என்ன வழி என்று தேடியவர்களில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகளும் இருந்தார்கள். குளிர் மட்டும் போதாது, சுற்றியுள்ள காற்றையும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் ஆப்பிளின் மூச்சு மெதுவாகிறது. முதுமையும் மெதுவாகவே வருகிறது. 1929-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இந்த முறையில் முதல் வணிகக் கிடங்கு எழுந்தது. இன்று ‘சி.ஏ. ஸ்டோர்’ (கட்டுப்படுத்திய காற்றுள்ள கிடங்கு) என்று பழ வியாபாரிகள் சொல்வது அதன் வாரிசைத்தான்.

அடுத்த பெரிய பாய்ச்சல் அமெரிக்காவில் நடந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் இருவரும் 1-எம்.சி.பி. என்ற வாயுவின் குணத்தைக் கண்டறிந்தார்கள். எத்திலீன் என்ற சாவி நுழைய வேண்டிய பூட்டுத் துவாரத்தில் இந்த வாயு போய் அடைத்துக்கொள்கிறது. பழுக்கச் சொல்லும் கட்டளை வந்தாலும் பழத்தின் காதில் விழாது. 2002-இல் அமெரிக்கா இதை ஆப்பிளுக்கு அனுமதித்தது. அதற்குப் பிறகு தூரம் என்பது இந்த வியாபாரத்தில் ஒரு தடையாக இல்லாமலே போயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் மரத்திலிருந்து கையால் பறித்த பழம், மாதக்கணக்கில் கிடங்கில் தூங்கி, பிறகு குளிர் கன்டெய்னரில் ஏறி, ஒரு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து, நம் ஊர்ப் பழக்கடைக்கு வந்த பின்னும் நறுக்கென்று உடைகிறது.

அடுத்த முறை பழக்கடையில் நிற்கும்போது அந்த அட்டைப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அமெரிக்கப் பெட்டி என்றால் சுமார் 18 கிலோ. பக்கவாட்டில் 88, 100, 113, 125 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். பெட்டிக்குள் எத்தனை பழம் என்பதற்கான கணக்கு அது. எண் ஏற ஏறப் பழம் சிறுக்கும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், பழத்துக்கு ஒரு குழி. பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் நான்கு இலக்கம்: 4131 என்றால் ஃபியூஜி, 4017 என்றால் கிரானி ஸ்மித். முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை முறையில் விளைந்தது. எந்த நாட்டுப் பழம் என்பதும் பெரும்பாலும் இருக்கும். எந்த மாதம் பறித்தது என்பது மட்டும் இருக்காது.

எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. வடபாதி உலகில் அறுவடை ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. நியூசிலாந்து, சிலி, தென்னாப்பிரிக்கா போன்ற தென்பாதி நாடுகளில் பிப்ரவரி முதல் மே வரை. ஆகவே ஜூன் மாதத்தில் நாம் வாங்கும் ஆப்பிள் போன மார்ச்சில் பறித்ததாகவும் இருக்கலாம், முந்தைய ஆண்டு செப்டம்பரில் பறித்ததாகவும் இருக்கலாம். நம்மவர்கள் தோலை நகத்தால் சுரண்டி மெழுகு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கழுவும்போது போய்விடும் இயற்கை மெழுகுக்குப் பதிலாக உண்ணத் தகுந்த மெழுகை மெல்லிசாகப் பூசுவது பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட முறை. பயப்பட அதில் ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது பழத்தின் வயது. அதை அவரும் அறியமாட்டார்.

தொலைதூரப் பயணத்துக்கு ஆப்பிள் ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டில் தானாக முளைத்த ஒரு கன்று, பிறகு ‘ரெட் டெலிஷியஸ்’ ஆயிற்று. தொடக்கத்தில் அதன் மஞ்சள் தோலில் சிவப்புக் கோடுகள்தான் இருந்தன. கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும், பெட்டியில் அடிபடக் கூடாது என்பதற்காக, மேலும் மேலும் சிவந்த, தோல் தடித்த கிளைகளையே தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிக்கொண்டே போனார்கள். நிறம் ஏறியது, சுவை இறங்கியது. 1990-களின் கடைசியில் அமெரிக்கர்களே அதைக் கைவிட, வாஷிங்டன் விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். 2000-இல் அரசு நிவாரணம் தர வேண்டியதாயிற்று. 2018-இல் அமெரிக்க உற்பத்தியில் முதலிடம் நியூசிலாந்தில் பிறந்த ‘காலா’வுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த ரெட் டெலிஷியஸுக்குக் கப்பல்தான் கதி. சிவப்பு இருந்தால்தான் ஆப்பிள் என்று நம்பிய இந்தியா அதன் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. ‘வாஷிங்டன் ஆப்பிள்’ என்று நம் வண்டிக்காரர்கள் கூவிய பழம் அதுதான்.

உலகில் ஆண்டுக்கு 8 கோடி டன்னுக்கு மேல் ஆப்பிள் விளைகிறது. ஏறக்குறையப் பாதி சீனாவில். அதில் மிகப் பெரும் பகுதியைச் சீனர்களே சாப்பிட்டுவிடுகிறார்கள். மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நாட்டு எல்லையைத் தாண்டுகிறது. கடலைத் தாண்டுவது இன்று எளிது. எல்லையைத் தாண்டுவதுதான் கடினம்.

நியூசிலாந்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். 1919-இல் அங்கே தீக்கருகல் நோய் தென்பட்டது. ஒரு பாக்டீரியா, தேனீக்களின் காலில் ஒட்டிப் பூவிலிருந்து பூவுக்குப் பரவும். தாக்கிய கிளை நெருப்பில் வாட்டியதுபோல் கருத்துத் தொங்கும். அதை முழுதாகத் தீர்க்கும் மருந்து கிடையாது; வெட்டி எரிப்பதுதான் வழி. 1921-இல் ஆஸ்திரேலியா நியூசிலாந்து ஆப்பிளுக்குக் கதவை அடைத்தது. தோட்டத்தைப் பிள்ளைபோல் வளர்த்தவர்களின் அச்சம் அது. குறை சொல்ல முடியாது. ஆனால் நன்றாக விளைந்த சுத்தமான பழத்தின் மூலம் இந்த நோய் பரவுமா என்ற கேள்விக்கு, பரவாது என்ற பக்கமே சான்றுகள் கூடிக்கொண்டு போயின. நியூசிலாந்து 1986-இல் கேட்டது, 1989-இல் கேட்டது, 1995-இலும் கேட்டது. ஒவ்வொரு முறையும் மறுப்பு. கடைசியில் 2007-இல் உலக வர்த்தக அமைப்பிடம் வழக்குப் போனது. 2010 நவம்பரில் மேல்முறையீட்டிலும் நியூசிலாந்து வென்றது. 2011-இல் முதல் பெட்டிகள் இறங்கின. அடுத்த வீட்டுக்குப் பழம் கொடுக்கத் தொண்ணூறு ஆண்டு! தாத்தா கன்று நட்டபோது மூடிய கதவு, பேரன் தலைமுறையில்தான் திறந்தது. அப்படித் திறந்த பிறகும் ஆஸ்திரேலியர்கள் பயந்த வெள்ளம் எதுவும் வரவில்லை.

போலந்துக்குக் கதவு மூட ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைநகர் வார்சாவுக்குத் தெற்கே க்ரூயெட்ஸ் என்ற வட்டாரம். கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் ஆப்பிள் வரிசைதான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து மணமாகி வந்த ராணி போனா அங்கே பழத்தோட்டங்களை ஊக்குவித்தார் என்று இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அந்தப் பழத்துக்கு 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. போலந்து ஏற்றுமதி செய்த ஆப்பிளில் பாதிக்கும் மேல் ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2014-இல் உக்ரைன் விவகாரத்தில் ஐரோப்பா ரஷ்யா மீது தடை விதிக்க, பதிலுக்கு ரஷ்யா ஆகஸ்ட் முதல் தேதி போலந்தின் பழங்களையும், ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதன் பழங்களையும் தடுத்தது. அறுவடைக்கு ஏணி சாத்தும் மாதம் அது.

போலந்து மக்கள் செய்தது மனதைத் தொடும் காரியம். ஒரு வணிக நாளிதழ் ‘ஆப்பிள் சாப்பிடுங்கள்’ என்று அழைப்பு விடுத்தது. கையில் ஆப்பிளோடு எடுத்த படங்கள் இணையமெங்கும் நிரம்பின. ஆனால் ஒரு நாடு எத்தனை ஆப்பிளைக் கடித்துத் தீர்க்க முடியும்? எகிப்து, இந்தியா என்று புதிய வாசல்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு சிக்கல். ரஷ்யர்களுக்குப் பிடித்தது ‘ஐடாரெட்’ என்ற ரகம். அதை நம்பி வைத்த தோட்டங்கள் ஏராளம். புதிய வாசல்களில் ‘காலா’ கேட்டார்கள். ஆப்பிள் மரத்தை நெல் ரகத்தைப்போல் அடுத்த பட்டத்தில் மாற்ற முடியாது. குட்டை வேர்ச்செடியில் ஒட்டிய கன்று என்றாலும் நல்ல காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை கடன் வட்டி காத்திருக்காது.

வாஷிங்டன் விவசாயிகளுக்கு அடி விழுந்தது எஃகினால். 2018-இல் அமெரிக்கா வெளிநாட்டு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கூடுதல் வரி போட்டது. பதிலடியாக இந்தியா 2019 ஜூனில், ஏற்கெனவே 50 சதவீதமாக இருந்த அமெரிக்க ஆப்பிள் வரியை 70 சதவீதமாக்கியது. ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டாலர் வரை நடந்த வியாபாரம் நான்கே ஆண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. எஃகு ஆலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவரின் தோட்டத்தில் பழம் தேங்கியது. 2023 செப்டம்பரில் அந்தக் கூடுதல் வரி நீங்கியபோது, அந்த இடத்தில் துருக்கி, ஈரான் ஆப்பிள்கள் உட்கார்ந்திருந்தன. 2025 மே மாதத்தில் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது துருக்கி பாகிஸ்தான் பக்கம் பேசியதால், புனே வியாபாரிகள் துருக்கி ஆப்பிளை வாங்க மாட்டோம் என்றார்கள். அங்கே தோட்டம் வைத்திருப்பவரும் ஒரு விவசாயிதான்.

இந்திய விவசாயியின் முறையீட்டையும் இதே காதால் கேட்க வேண்டும். 1904-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். சிம்லா மலையில் கோட்கட் பகுதியில் குடியேறி, 1916-இல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். மலைமக்களுக்கு அதுவே வாழ்வாயிற்று. விடுதலைப் போரில் சிறை சென்று, பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர் கொடுத்த கொடை அது. ஒரு நூற்றாண்டு கழித்து, அதே ரகம் கப்பலில் வந்திறங்கி அவர் நட்ட மரங்களின் வாரிசுகளோடு போட்டியிட்டது.

இந்தியா இப்போது ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் ஆப்பிளை இறக்குமதி செய்கிறது. மலிவான வெளிநாட்டுப் பழத்தால் விலை விழுகிறது என்று காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் தொடர்ந்து குரல் எழுகிறது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு, மும்பையை ஒட்டிய நவசேவா துறைமுகம் வழியாக மட்டுமே ஆப்பிள் வரலாம் என்றது. சென்னைக்கு வர வேண்டிய பழமும் மும்பைப் பக்கம் இறங்கி லாரி ஏற வேண்டிய நிலை. சில மாதங்களில் சென்னை, கொச்சி, கொல்கத்தா வாசல்கள் மறுபடி திறந்தன. 2023 மே மாதத்தில், இறங்குமிடத்தில் கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த ஆப்பிளை இறக்குமதி செய்யக் கூடாது என்ற விதி வந்தது. பூட்டானுக்கு மட்டும் விலக்கு. வரியும் விதியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரை உலகச் சந்தையோடு தனியாக மோதவிட முடியாது. ஆனால் அவருக்கு முதலில் தேவைப்படுவது, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த அறை. காஷ்மீர் ஆண்டுக்கு 20 லட்சம் டன் அளவில் விளைவிக்கிறது. புல்வாமா மாவட்டத்து லாசிபோராவில் சி.ஏ. கிடங்குகள் வரிசையாக எழுந்துள்ளன. என்றாலும் மொத்த விளைச்சலில் ஒரு சிறு பங்குக்குத்தான் அந்த உறக்கம் வாய்க்கிறது. மற்றதெல்லாம் பறித்த கையோடு விற்றாக வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பது நம் தக்காளி விவசாயிக்குத் தெரியாததல்ல.

2025 ஆகஸ்ட் கடைசியில் பெய்த பெருமழையில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை சரிந்தது. அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். ஆயிரக்கணக்கான லாரிகள் பழத்தோடு நின்றன, நாள்கணக்கில், வாரக்கணக்கில். சாதாரணப் பெட்டிகள், குளிரூட்டல் கிடையாது. மூடிய தார்ப்பாயின் கீழே ஆப்பிள்கள் ஒன்றின் மூச்சில் ஒன்று பழுத்து, கனிந்து, அழுகின. பசிபிக் பெருங்கடலைக் கடந்து வரும் பழத்துக்கு ஒரு கீறல் இல்லை. தன் நாட்டுக்குள்ளே முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான சாலையில் காஷ்மீரியின் ஓராண்டு உழைப்பு சாறாக ஒழுகியது. சோபோர் உட்படப் பள்ளத்தாக்கின் பழ மண்டிகள் இரண்டு நாள் கதவடைத்துக் கண்டனம் தெரிவித்தன.

அந்தச் செப்டம்பர் 13-ஆம் தேதி, சில மாதங்களுக்கு முன்புதான் இணைந்த புதிய ரயில்பாதையில், பத்காமிலிருந்து ஆப்பிள் ஏற்றிய பார்சல் ரயில் டெல்லிக்குப் புறப்பட்டது. காலையில் காஷ்மீரில் ஏற்றினால் மறுநாள் விடியும் முன் ஆதர்ஷ் நகர் நிலையம். டெல்லியின் ஆசாத்பூர் மண்டியில் காலை வியாபாரம் தொடங்கும் நேரத்துக்குப் பழம் போய்ச் சேர்ந்துவிடும்.