கடைசிப் பக்கத்தில் ஒரு விடை

கொழும்புத் தமிழரின் ஊர்களை எண்ணும்போது தெஹிவளையைக் கடைசியில்தான் சொல்வார்கள். கொட்டாஞ்சேனைக்குக் கோயில்கள், வெள்ளவத்தைக்குத் தமிழ்ச் சங்கமும் சாப்பாட்டுக் கடைகளும். தெஹிவளை என்றால் மிருகக்காட்சிச்சாலை என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மர்ம நாவல் வாசிப்பைப் பற்றிப் பேசுவதென்றால் நான் தெஹிவளையில்தான் தொடங்குவேன். உளவாளிகளையும் கொலைகாரர்களையும் பக்கம் பக்கமாகத் துரத்திய வாசகர்கள் இங்கே இருந்தார்கள். அதே வாசகர்கள் உண்மையான கொலைகளையும் கடத்தல்களையும் குண்டுவெடிப்பையும் தங்கள் வீதியிலேயே பார்த்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த வாசிப்பின் மோகம் விளங்காது.

துப்பறியும் கதை தமிழுக்கு நேற்று வந்ததல்ல. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் புத்தகங்களைக் கடல் கடந்து வாங்கி வாசித்த தலைமுறை ஒன்று இலங்கையில் இருந்தது. கொழும்பிலேயே எழுதியவரும் உண்டு. வீரகேசரியின் ஆசிரியராக இருந்த கே.வி.எஸ். வாஸ் ‘ரஜனி’ என்ற புனைபெயரில் ‘குந்தளப்பிரேமா’ முதலிய தொடர்களைத் தம் பத்திரிகையிலேயே எழுதினார். செய்திக்காகப் பத்திரிகை எடுத்த வீடுகளில் தொடருக்காகவும் எடுத்தார்கள்.

அந்தக் காலத்துக் கொழும்பை எந்தத் தொடரை விடவும் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தது ஓர் உண்மை வழக்கு. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென்ற் அல்பன்ஸ் பிளேஸில் இருந்த ஒரு வீட்டில், கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்தின் மனைவி கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் மீது குற்றம் சாட்டப்பட்டது. வீட்டு வேலைக்காரர் அரச தரப்புச் சாட்சியானார். கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். மரணம் எத்தனை மணிக்கு நேர்ந்தது என்ற கேள்விக்காக, எடின்பரோவில் இருந்து சேர் சிட்னி ஸ்மித் என்ற புகழ்பெற்ற தடயவியல் பேராசிரியரின் சாட்சியம் வரை வழக்கு போனது. 1953இல் ஜூரிமார் சதாசிவம் நிரபராதி என்றார்கள். உடலின் நிலை, கடிகாரம், வீட்டில் யார் எப்போது இருந்தார் என்பவற்றை வைத்து ஒரு கொலையை அவிழ்க்கலாம் என்று கொழும்புக்காரருக்குப் பாடம் நடத்திய வழக்கு இது. எனக்கு அறிவு தெரிந்த காலத்தில், அது நடந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பின்னேரத் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் சதாசிவம் கேஸ் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்து வளரவேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர்கள் முன்வைத்த கோரிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் உள்ளூர் நாவல்களை வரிசையாகக் கொண்டு வந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ இரண்டும் அந்த வரிசையில் வந்தவை. நல்ல காரியம் அது, சந்தேகமில்லை. ஆனால் விறுவிறுப்புக்குப் பழகிய வாசகர் காத்துக்கொண்டுதான் இருந்தார். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் காலி வீதிக் கடைகளில் சஞ்சிகைகள் மறுபடி கயிற்றில் தொங்கின. சிவகாசியில் இருந்து முத்து கொமிக்ஸ், 1984இல் இருந்து லயன் கொமிக்ஸ், ஜேம்ஸ் பொண்டைத் தமிழ் பேசவைத்த ராணி கொமிக்ஸ், பிறகு க்ரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று வந்துகொண்டே இருந்தன.

என் தலைமுறையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. தெஹிவளையில் இருந்து பஸ் ஏறி, கால்வாய்ப் பாலம் தாண்டி, வெள்ளவத்தையில் இறங்கி வாங்கிய புத்தகம் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. அது பக்கத்து வீட்டுக்கும், ஒழுங்கை முனையில் இருந்த மாமி வீட்டுக்கும், அங்கிருந்து கந்தோருக்கும் போகும். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் சின்ன நூலகங்கள் இருந்தன. அவற்றின் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் உறை போட்டிருக்கும், உள்ளே யாராவது ஒருவர் கொலைகாரனின் பெயருக்குக் கீழே கோடு இழுத்து வைத்திருப்பார். குமுதத்திலும் விகடனிலும் வந்த தொடர்களைக் கிழித்தெடுத்து, அடுக்கி, தைத்துக் கட்டி வைப்பது வீட்டுப் பெண்களின் கலை. அம்மாமாரின் வாசிப்பை நாங்கள் அன்று பெரிதாக எடுக்கவில்லை. இன்று நினைத்தால் கொழும்பின் மர்ம நாவல் சந்தையே அவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. பிள்ளைகள் கணக்குக் கொப்பிக்குள் வைத்து வாசித்தார்கள். அம்மா குசினியில் அரிசி கொதிக்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம் முடித்தார்.

அந்த எழுத்தின் தொழில்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் அதை ஒழுங்காக வாசிக்கவில்லை என்பேன். ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நகர்த்துவார். கோயம்புத்தூரில் ஒரு பிணம், வேறெங்கோ ஒரு கல்யாண வீடு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியிலேயே நூறு பக்கம் ஓடும். கடைசிப் பக்கங்களில் இரண்டு ஆறும் சேரும். சிறிய புத்தகத்தில், மாதத்திற்குப் பலமுறை, இதைத் தவறாமல் செய்வதற்கு இரும்புக் கட்டுப்பாடு வேண்டும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் சட்டத்தையும் விஞ்ஞானத்தையும் பேச்சோடு பேச்சாகக் கற்றுத் தந்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரைக் குடித்துக்கொண்டே உலகத்தைச் சுற்றினார். கடவுச்சீட்டே கண்டிராத வீடுகளுக்கு வெளிநாடு என்பது முதலில் அவர் மூலமாகத்தான் வந்தது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் இளைஞர்களுக்கு. வேலைக்குப் போகும் ஒரு பெண் கொலையைக் கண்டுபிடிக்கிறாள் என்பதே அன்றைய எங்கள் அக்காமாருக்குப் பெரிய விஷயம்.

ஆங்கிலம் வாசித்தவர்களுக்கு வேறு அலமாரி இருந்தது. ஜேம்ஸ் ஹட்லி சேஸ், அலிஸ்டயர் மக்லீன், ரொபர்ட் லட்லம் எல்லாம் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அடுக்கில் இருப்பார்கள். பிரெடரிக் போர்சைத்தின் ‘த டே ஒவ் த ஜக்கல்’ 1971இல் வந்தது. பிரான்சின் அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலைகாரன் வருகிறான். டி கோல் தன் வீட்டில் இயற்கையாகத்தான் செத்தார் என்று வாசகருக்கு முதலே தெரியும். அப்படியிருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. என்ன நடக்கும் என்பதை விட, எப்படிச் செய்யப் போகிறான் என்பதுதான் அங்கே ஆளை இழுக்கிறது. சிறு வயதில் இறந்துபோன ஒருவரின் பெயரில் அவன் கடவுச்சீட்டு எடுக்கும் பகுதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

அந்தப் பகுதியைத் தெஹிவளையில் வாசிக்கும்போது அது வேறொன்றாக மாறிவிடும். உளவு நாவலின் உயிர் அடையாளத்தில் இருக்கிறது. யார் நீ, எங்கிருந்து வந்தாய், உன் தாள் உண்மையா? போர்க் காலத்தில் எங்களுக்கு அந்தக் கேள்விகள் வாசல் கதவைத் தட்டி வந்தன. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கு எடுத்த நேரம் வேறு. வீட்டில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் மாதம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் விடியப்புறம் பஸ்களில் ஏற்றி வவுனியா நோக்கி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாவலில் கள்ளக் கடவுச்சீட்டோடு எல்லை கடக்கும் உளவாளிக்கு வியர்க்கும் வியர்வை எங்களுக்குத் தெரிந்த வியர்வை. எங்கள் தாள்கள் உண்மையானவை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

1996 ஜூலை 24ஆம் திகதி பின்னேரம் தெஹிவளை ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம். 64 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். அத்தியாயத்தின் கடைசி வரியில் வெடிகுண்டை வைத்து வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் உத்தியை அதற்குப் பிறகு என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் மர்ம நாவல் வாசிப்பதை நிறுத்தவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்களும் நிறுத்தவில்லை. ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு ஊடகவியலாளர் தராக்கி சிவராம் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அவருடைய உடல் கிடந்தது. 2009 ஜனவரி 8ஆம் திகதி காலையில் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க அத்திடியவில், தெஹிவளையில் இருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், பட்டப்பகலில் கொல்லப்பட்டார். இரண்டு கொலைக்கும் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வெள்ளை வான்களில் கடத்தப்பட்டுத் திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இன்னமும் படங்களோடு வீதியில் நிற்கின்றன. இவ்வளவும் நடக்கும் ஓர் ஊரில், நூறு பக்கத்துக்குள் கொலைகாரன் யார் என்று உறுதியாகச் சொல்லிவிடும் ஒரு புத்தகம் எவ்வளவு பெரிய ஆறுதல்! மர்ம நாவல் வாசிப்பவர் உண்மையில் இருந்து ஓடுகிறார் என்று சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அது பிழை. உண்மை எங்களுக்குத் தர மறுத்த விடையைத் தேடித்தான் நாங்கள் அந்தப் புத்தகங்களுக்குப் போனோம். ராஜேஷ்குமாரின் விவேக் வந்தால் விடை வரும். கணேஷ் வந்தால் விடை வரும்.

இன்றைய தெஹிவளை மாடிக் குடியிருப்புகளின் ஊர். வாடகை நூலகங்கள் என் கண்ணில் படுவதில்லை. பூபாலசிங்கம் புத்தகசாலை வெள்ளவத்தையில் இருக்கிறது. ஆனால் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டிய காலத்தில், இந்தியாவில் அச்சான நாவலை வாரத்துக்கு ஒன்று வாங்கும் வீடு எது? ராஜேஷ்குமாரைத் தொலைபேசியில் வாசிக்கிறார்கள், யூடியூபில் ஒலிப்புத்தகமாகக் கேட்கிறார்கள். ‘சுழல்’ போன்ற இணையத் தொடர்களை ஒரே இரவில் பார்த்து முடிக்கிறார்கள். அடுத்த கிழமைக்காகக் காத்திருப்பது என்ற ஒன்று இல்லாமல் போய்விட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. கொலைகாரன் யார் என்று ஏழு நாள் வீடு முழுக்க வாதாடிய காலத்தில் வாசகரும் துப்பறிந்தார்.

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளின் கையில் இப்போது பிரீடா மக்பேடன். அவருடைய ‘த ஹவுஸ்மெய்ட்’ 2022இல் வந்தது. அதற்கு முன்னர் தொமஸ் ஹரிஸின் ஹனிபல் லெக்டர், ஸ்டீக் லார்சன். திரையில் 2018இன் ‘ராட்சசன்’. உளவாளியின் இடத்தைத் தொடர்கொலைகாரன் பிடித்துக்கொண்டான், இப்போது அவனுடைய இடத்தைக் கணவனும் வீட்டு எஜமானியும் பிடிக்கிறார்கள். கதை சொல்பவரையே நம்ப முடியாத கதைகள். அன்று பயம் வெளியில் இருந்து வந்தது. எல்லைக்கு அப்பால் இருந்து, இருட்டில் நிற்கும் வாகனத்தில் இருந்து. இன்றைய இளம் பெண் வாசகருக்குப் பயம் படுக்கையறைக்குள், பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது. இதை நான் சீரழிவாகப் பார்க்கவில்லை. போருக்குப் பிறகு பிறந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பயத்தைத் தேடி வாசிக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதே விடையைத்தான்.

கொழும்பின் கொலைக் கதையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒவ் மாலி அல்மேதா’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரரின் ஆவி, தன்னைக் கொன்றது யார் என்று 1990இன் கொழும்பில் தேடித் திரிகிறது. போர்க்காலக் கொழும்பை எடுத்துக்கொண்டு ஒரு மர்ம நாவலால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சாட்சி. எனக்குத் தெரிந்து தமிழில் எங்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. மர்ம நாவல் என்றால் வணிக எழுத்து என்று ஒதுக்கிய எங்கள் விமர்சன மரபுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். வாஸ் தொடங்கி வைத்ததை யாரும் உரிமையோடு எடுத்துச் செல்லவில்லை. கோயம்புத்தூரையும் சென்னையையும் எங்கள் ஊர்போலக் கதைகளில் பழகிய நாங்கள், சொந்த வீதியில் ஒரு துப்பறிவாளரை நடக்கவிடவே இல்லை.

எழுத வல்ல இளையவர்களிடம் கேட்கிறேன். நூலகம் இணையத்தளத்தில் வீரகேசரி பிரசுரங்கள் பல கிடக்கின்றன, இலவசமாக வாசிக்கலாம். தமிழ்ச் சங்க நூலகமும் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. ராஜேஷ்குமாரிடம் வேகத்தைப் படியுங்கள், போர்சைத்திடம் தகவல் திரட்டுவதைப் படியுங்கள். பிறகு தெஹிவளையில் நடக்கும் ஒரு மர்ம நாவலைத் தமிழில் எழுதுங்கள். கொலைகாரன் யார் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள். வாங்கி வாசிக்க நாங்கள் இருக்கிறோம்.