கண்டி வீதியில் இரண்டு கேம்பிறிட்ஜ்கள்

நாலு பேர் தங்கள் பெட்டிகளோடு வசதியாக அமர்ந்து, ஒரே பகற்பொழுதில் ஒரு தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, உடம்பு நோகாமலும் மனம் சலியாமலும் போய்ச் சேரவேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்த கார்வகையை ஐரோப்பியர் கிரான்ட் ரூரிங் கார் என்று அழைத்துவந்தனர். அது பந்தயக் கார் அன்று; ஆனால் வேகம் அதற்கு வேண்டும். அது மாளிகை வாசலில் அலங்காரமாக நிற்கும் வண்டியும் அன்று. ஆனால் அழகும் சௌகரியமும் அதற்கு வேண்டும். 1951இல் இத்தாலியில் வெளிவந்த லான்சியா ஒரேலியா பி-20 ஜி.ரி.யும், 1952இல் இங்கிலாந்தில் வெளிவந்த பென்ற்லி ஆர்-ரைப் கொன்ரினென்ரலும் இவ்வகையின் உத்தம உதாரணங்களாக இன்றைக்கும் நிபுணர்களாலே போற்றப்படுகின்றன. வட இலங்கையின் வன்னியிலே, துணுக்காயிலோ மல்லாவியிலோ இவற்றைக் கண்ணால் கண்டவர் இருக்க நியாயமில்லை. ஆயினும் இவை செய்த வேலையை, அதாவது குடும்பத்தையும் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் களைப்பில்லாமல் ஓடும் வேலையை, அங்கே பல்லாண்டு காலம் செய்துவந்த கார் ஒன்று உண்டு. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்பது அதன் பெயர்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்டி வீதி என்று எம்மவர் சொல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மட்டும் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். ஆனையிறவின் உப்புக்காற்றையும், கிளிநொச்சியின் வயல்வெளிகளையும், மாங்குளத்துக் காட்டையும், வவுனியாவையும் கடந்து தெற்கே செல்லும் அந்த வீதியில், அதிகாலையில் தேவாரம் பாடிப் புறப்பட்டு மாலையில் கொழும்பு சேர்ந்த தலைமுறையினருக்கு, முன்னாசனத்தில் அப்பாவும் பின்னாசனத்தில் அம்மாவும் பிள்ளைகளுமாக அவர்களைச் சுமந்து சென்ற வண்டியின் உருவம் இன்றும் மனத்தை விட்டு அகன்றிராது. அக்காலத்து வைத்தியர்களும், பிரக்கிராசிமாரும், பெரிய கமக்காரரும், வாடகைக்கு ஓடிய சாரதிகளும் ஒருங்கே விரும்பிய அந்தக் காரில் இரண்டு தலைமுறைகள் நம் வீதிகளில் பெயர் பெற்றன. 1959 ஜனவரியில் வெளிவந்த ஏ-55 மார்க் 2 முந்தியது. அதற்குப் பதிலாக 1961 இறுதியில் வந்து 1969 வரை உற்பத்தியான ஏ-60 பிந்தியது. ஒரு புதிய கார் தன் முன்னோனைவிட எவ்வகையில் உயர்ந்தது என்ற விசாரணைக்கு இவற்றைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

முதலில் உருவத்தைப் பார்க்கலாம். இவ்விரண்டின் மூல வடிவத்தையும் வரைந்தது இத்தாலியின் பினின் ஃபரீனா நிறுவனம். ஃபெராரி 250 ஜி.ரி. வரிசையின் பல மேனிகளுக்கு உருக்கொடுத்த, மேலே சொன்ன லான்சியா ஒரேலியாவின் மேனியையும் தயாரித்த அதே கைகளைத்தான், 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் தனது நடுத்தரக் கார்களுக்காக நாடியது. அதன் பயனாக, முந்திய ஏ-50இன் உருண்ட தோள்கள் மறைந்து, நேரான கோடுகளும் விசாலமான கண்ணாடிகளும், பின்புறத்தில் மீனின் செட்டைபோல் உயர்ந்து நிற்கும் இரு வால்களும் வந்தன. அந்த வால்கள் அமெரிக்க நாகரிகத்தின் சாயல். 1959இல் அவை ஆடம்பரத்தின் அடையாளமாக இருந்தன. இரண்டே ஆண்டுகளில் பழசாகிவிட்டன. ஆகையால் ஏ-60இல் அவற்றின் கூர்மையைக் குறைத்து, விளிம்பைத் தாழ்த்திவிட்டார்கள். துணுக்காயின் சந்தியில் நின்று தூரத்தில் வரும் வண்டியை ஐம்பத்தைந்தா அறுபதா என்று பிரித்தறிந்த சிறுவர்கள், பின்புறம் தெரியும் வரை காத்திருந்து இந்த வால்களைக் கொண்டுதான் தீர்ப்புச் சொன்னார்கள்.

எனது அபிப்பிராயத்தில், வால் குறைந்ததைவிடப் பெரிய அபிவிருத்தி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நிகழ்ந்தது. ஏ-55 மார்க் 2 வளைவுகளில் அதிகமாகச் சாய்கிறது, பாரமேற்றினால் ஏற்றத்தில் திணறுகிறது என்பவை அக்காலத்துக் குறைகள். இவற்றுக்குப் பரிகாரமாக, பின்னச்சை நகர்த்தி இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டினார்கள். இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையிலான அகலத்தையும் அதிகரித்தார்கள். வண்டி சாயும்போது ஒரு பக்கத்துச் சில்லின் அசைவை மறுபக்கத்துக்குக் கடத்தி மேனியை நிமிர்த்தும் முறுக்குக் கம்பிகளை முன்னும் பின்னும் பொருத்தினார்கள். காகிதத்தில் இவை அற்பமாகத் தோன்றக்கூடும். ஆனால் மாரிகாலத்தில், வெள்ளம் அரித்துச் சென்ற வீதியோரத்தில் ஒரு பக்கச் சில்லும் தாரின்மேல் மறுபக்கச் சில்லுமாக, ஆறு ஏழு பேருடனும் இரண்டு நெல்மூட்டைகளுடனும் மாங்குளத்திலிருந்து மேற்கே திரும்பி வந்த சாரதிக்கு, அந்த ஓர் அங்குலமும் அந்தக் கம்பிகளும் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது நன்றாகத் தெரியும்.

இயந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. ஏ-55இல் இருந்தது 1,489 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் இயந்திரம். அதன் வலு ஏறத்தாழ 53 குதிரைவலு. ஏ-60இல் அது 1,622 கன சென்ரிமீற்றராகவும் 61 குதிரைவலுவாகவும் உயர்ந்தது. இந்த உயர்வுக்காக அவர்கள் ஒரு புது இயந்திரத்தை உற்பத்தி செய்யவில்லை. பிஸ்ரன் மேலும் கீழும் ஓடும் 88.9 மில்லிமீற்றர் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சிலிண்டரின் குறுக்களவை மட்டும் 73 மில்லிமீற்றரிலிருந்து 76.2 ஆகக் கடைந்து பெருப்பித்தார்கள். இதே 1,489 இயந்திரம்தான் இந்தியாவில் அம்பாசடர் காரையும் நெடுங்காலம் இழுத்தது. இதே 1,622 இயந்திரம்தான், தக்க மாற்றங்களோடு, எம்.ஜி.ஏ. என்னும் பந்தயச் சாயலுள்ள காரிலும் ஏறியது. அதே வம்சத்தின் 1,798 இயந்திரம்தான், பினின்ஃபரீனா கூரை அமைத்த எம்.ஜி.பி. ஜி.ரி. என்ற மெய்யான கிரான்ட் ரூரிங் காரிலும் 1965இல் இடம்பெற்றது. ஆக, வன்னியின் செம்மண்ணில் ஓடிய கேம்பிறிட்ஜ், சீமையின் சீமான்களுடைய கார்களோடு இரத்த உறவு கொண்டாட முழு உரிமை உடையது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

இந்த இரண்டு கார்களும் உண்மையான பரீட்சைக்கு உட்பட்டது 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர். அதற்கு முன்பே, 1960களில் தொடங்கிய அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977க்குப் பிறகு தெற்கில் ஜப்பானிய வண்டிகள் பெருகியபோதும், வடக்கில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்ட 1990 முதல் 2002 தொடக்கம் வரை நீடித்த பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் வன்னிக்குள் வரமுடியாத வஸ்துக்களாயின. அகப்பட்ட சொற்பப் பெற்றோலும் போத்தல் கணக்கில் பெருவிலைக்கு விற்கப்பட்டது. அந்த நிர்ப்பந்தத்தில்தான் நமது மெக்கானிக்குகள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைப் பரவலாகக் கைக்கொண்டார்கள்.

அதன் தத்துவம் இது. பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாகாது. எனவே ஒரு சிறு போத்தல் பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பற்றரி பலவீனமாயின், முன்புறத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி ஸ்ராட் எடுக்கவேண்டும். ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் அந்த வசதி உண்டு. காற்றையும் எண்ணெயையும் கலக்கும் எஸ்.யு. காபரேற்றரின் அடியிலுள்ள ஒரு நட்டைத் திருகினால் கலவையின் செறிவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இதற்கு விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை. மண்ணெண்ணெய் தரம் தாழ்ந்த எரிபொருளாகையால், சிலிண்டருக்குள் அதிக அழுத்தம் கொடுத்தால் அகாலத்தில் எரிந்து, சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசையெழுப்பும். இந்தக் கார்களின் அழுத்தம் இக்கால இயந்திரங்களோடு ஒப்பிடக் குறைவு. மட்டமான பெற்றோல் விற்கும் தேசங்களுக்கென்று 7.2க்கு 1 என்ற இன்னும் தாழ்ந்த அழுத்தத்திலும் உற்பத்தியாளர் விற்றனர். ஆகவே அவை அந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன.

பொறுத்துக்கொண்டன என்பதற்காக ஊறு விளையவில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. பிளக்குகளில் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர்வழியே இறங்கி இயந்திர ஒயிலைத் தண்ணீராக்கியது, வால்வுகள் கருகின, வண்டியின் பின்னால் வெண்புகையும் நாற்றமும் எழுந்தன. “அண்ணை, மணக்குது, கண்ணாடியை ஏத்துங்கோ” என்று பின்னாசனத்திலிருந்து பிள்ளைகள் சொல்வதும், “கொஞ்சம் பொறு தம்பி, ஏத்தினா வேர்க்கும்” என்று சாரதி சமாதானம் சொல்வதும் அக்காலப் பிரயாணத்தின் சாதாரண சம்பாஷணை. ஆயினும் அந்த வண்டிகளே பிரசவ வேதனைப்பட்ட பெண்களையும், பாம்பு கடித்த கமக்காரரையும், காயமடைந்தவர்களையும் மல்லாவி வைத்தியசாலைக்குச் சுமந்து சென்றன. புத்தம்புதிய காராயின், அதன் நுண்ணிய மின்னணுக் கட்டுப்பாடுகள் முதல் நாளிலேயே மறுத்திருக்கும்.

இவ்விடத்தில்தான் இரண்டு தலைமுறைகளின் ஒற்றுமை பெரும் பயன் தந்தது. ஏ-55க்கும் ஏ-60க்கும், அவற்றின் உடன்பிறப்பான மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் பல பாகங்கள் பொது. ஒரு வண்டி ஓடமுடியாமற் படுத்துவிட்டால், அதன் அங்கங்கள் இன்னொன்றில் உயிர் பெற்றன. முன்னோனை முற்றாக நிராகரித்து ஏ-60 பிறந்திருந்தால் இந்த உதவி கிடைத்திராது. யுத்தம் நெருங்கியதால் 2008 ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் துணுக்காயும் மல்லாவியும் வெறிச்சோடியபோது, கிழக்கு நோக்கி நகர்ந்த சனங்களோடு இந்தக் கார்களும், கூரையில் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு, சென்றன. அவற்றிற் பல திரும்பவில்லை. 2009 இறுதியிலிருந்து ஊருக்கு மீளத் தொடங்கியவர்களில், தமது காரைத் துருப்பிடித்த இரும்பாகவேனும் மீண்டும் கண்டவர் சொற்பம்.

இனி, இக்காலத்தில் கிரான்ட் ரூரிங் கார்களின் சிகரத்தில் நிற்கும் வண்டியையும் அதே தராசில் இட்டுப் பார்ப்பது தகும். பென்ற்லி நிறுவனம் 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்றாந் தலைமுறைக் கொன்ரினென்ரல் ஜி.ரி.க்குப் பதிலாக, 2024இல் நாலாந் தலைமுறையை வெளியிட்டது. முந்தியதன் ஸ்பீட் வகையில் ஆறு லீற்றர் கொள்ளளவுடைய பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் 659 குதிரைவலுவைத் தந்தது. புதியதிலோ பன்னிரண்டு சிலிண்டர்கள் விடைபெற்று, நாலு லீற்றர் எட்டு சிலிண்டர் இயந்திரமும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 782 குதிரைவலுவைத் தருகின்றன. மின்சாரத்தால் மாத்திரம் 81 கிலோமீற்றர் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதாவது கிளிநொச்சியில் புறப்பட்டு, ஒரு துளி பெற்றோல் எரிக்காமல், மௌனமாக யாழ்ப்பாணத்தை அடையலாம். இது மகத்தான சாதனை. எரிபொருளுக்காகப் பட்ட பாட்டை மறவாத எமக்கு அதன் அருமை மற்றவர்களைவிட அதிகமாகவே விளங்கும். அதற்கு ஈடாக வண்டியின் பாரம் ஏறத்தாழ இரண்டரைத் தொன்னுக்கு ஏறியிருக்கிறது. ஏ-60இன் பாரம் அதில் பாதிக்கும் குறைவு.

வலுவிலும் வேகத்திலும் புதிய பென்ற்லி தன் முன்னோனை வென்றுவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது வேறு கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், உற்பத்தியாளரின் கணினி உதவி இல்லாத ஓர் ஊரில், அதன் மின்கலத்தை மாற்றவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திருத்தவும் ஒருவரால் இயலுமா? இந்தக் கேள்வி பென்ற்லியை வாங்கும் கோடீசுவரருக்கு அவசியமற்றதாக இருக்கலாம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்துச் சிறியதொரு கலப்பின ஜப்பானியக் காரை வாங்க எண்ணும் மல்லாவி ஆசிரியருக்கு அது மிகவும் அவசியமானது. விற்பவரிடம் குதிரைவலுவைக் கேட்கும் முன்னர், முந்திய மாதிரியின் எந்தெந்தப் பாகங்கள் இதற்கும் பொருந்தும், மின்கலத்தின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கராஜ் உண்டா என்று அவர் கேட்டாகவேண்டும்.

எஞ்சிய கேம்பிறிட்ஜ்களில் சில, மூல இயந்திரம் தேய்ந்தபின் ஜப்பானிய டீசல் இயந்திரங்களை ஏற்று இப்போதும் ஓடுகின்றன. பழமையைப் பேணுவோர் இதனைக் குற்றமென்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீசல் கேம்பிறிட்ஜ் ஒன்றை 1961க்குப் பின் தொழிற்சாலையே விற்றது. மேலும், வேறொரு வம்சத்தின் இதயத்தைப் பொருத்த இடங்கொடுக்கும் அந்த விசாலமான முன்னறையும், அதன் பாரத்தைத் தாங்கும் திடமான உடம்பும், 1959இல் வரைந்தவர்கள் செய்த நல்ல வேலைதான். அந்த வண்டிகளின் மூடியைத் திறந்தால், எது எங்கிருந்து வந்தது, யார் கடைந்தது, எந்த வருஷம் மாற்றியது என்று உரிமையாளர் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டிச் சொல்வார்; கேட்க விரும்புவோர் சாவகாசமாகப் போகவேண்டும்.