"வெளியே சொன்னா மானம் போயிடும்!"
மூடி மறைத்தால் ஜெயில்

ராஜபாளையம்—

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுகிறவர்களில் ஆண்டாளைக் கும்பிடப் போகிறவர்கள் உண்டு. பால்கோவா வாங்கப் போகிறவர்கள் உண்டு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கோர்ட்டுக்குப் போகிற தாய்மார்களும் உண்டு. விருதுநகர் மாவட்டத் தலைமைக் கோர்ட்டும், மகளிர் கோர்ட்டும் இருப்பது அங்கேதானே!

"தப்பா தொட்டா கத்து, ஓடு, அம்மாகிட்ட சொல்லு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். பிள்ளை வந்து சொன்ன பிறகு அம்மா என்ன செய்வது? அந்தப் பாடம்தான் வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

தெரிந்த ஆள்தான்!

மத்திய அரசு 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்த ஆட்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை.

அம்மா மில் ஷிப்டுக்குப் போயிருப்பாள். பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். விஷயம் தெரிந்ததும் பெரியவர்கள் கூடி, "பொம்பளப் பிள்ளை விஷயம், பேசி முடிச்சிடுவோம்" என்பார்கள். பேசி முடிக்க இது என்ன வரப்புத் தகராறா?

2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை!

யூனிபாரம் கிடையாது

போலீஸ் ஸ்டேஷன் என்றாலே பலருக்கு நடுக்கம். ஆனால் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குகிற போலீசார் யூனிபாரத்தில் வரக்கூடாது. வீட்டிலேயே, கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர்தான் வாங்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றவாளி பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. பத்திரிகையில் பெயர் போடக்கூடாது.

துணிந்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. அருப்புக்கோட்டை கல்லூரி உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி தவறான வழிக்கு அழைத்துப் பேசியது மாணவிகளிடம் பதிவாக இருந்தது. 2018-ல் அது வெளியே வந்தது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட்டு அவருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. மற்ற இருவர் விடுதலை. அந்த மாணவிகள் "நமக்கெதுக்கு வம்பு" என்று பதிவை அழித்திருந்தால்?

தறிக்கூடத்துக்கும் உண்டு

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2013-ல் தனிச் சட்டம் வந்தது. 10 பேர் வேலை பார்க்கும் இடம் என்றால் அங்கேயே புகார் கமிட்டி இருக்க வேண்டும். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் சின்னத் தறிக்கூடத்தில் நாலைந்து பேர்தான் என்றால்? மாவட்டத்தில் உள்ளூர் கமிட்டி உண்டு. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி மீதே கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. காசு கிடையாது. ராத்திரி 2 மணிக்கும் கூப்பிடலாம்.