மறக்கச் சொல்லும் சட்டம், மறக்காத படிவம்

சிறுவயதுக் குற்றத்தின் பதிவை அழித்துவிடச் சொல்கிறது சட்டம். வேலைக்குப் போகும்போது அது மறுபடி எழுந்து நிற்கிறது.

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர்கள் நிரப்பித் தரும் சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்கு நடந்ததா? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். பதினைந்து வயதில் சைக்கிள் திருடிப் பிடிபட்டவருக்குப் பேனா ஓடாது. ‘ஆம்’ என்றால் வேலை கிடைக்காமல் போகலாம். ‘இல்லை’ என்றால், உண்மையை மறைத்தார் என்று கிடைத்த வேலையும் பறிபோகலாம்.

சட்டத்தில் இந்தத் தர்மசங்கடம் இல்லை. 18 வயதுக்குள் செய்த குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டம் (2015). மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அல்லது நியாயமான காலத்துக்குப் பின் பதிவுகளை அழிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இதற்கு 7 ஆண்டுகள் என்று எல்லை வகுத்தன. முடிந்துபோன வழக்கை, நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் வெளியே சொல்லக்கூடாது. இது புதுச் சலுகையும் அல்ல. தகுதியிழப்பு கூடாது என்று 1986 சட்டமே சொன்னது. பதிவுகளை அகற்றும் உத்தரவு 2000 சட்டத்தில் வந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 16 வயது நிறைந்தவரை, கொடுங்குற்றத்துக்காக வயதுவந்தவரைப் போல விசாரித்து, குழந்தைகள் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தால் பதிவு நிலைக்கும். 2012 டெல்லி பலாத்கார வழக்கு கிளப்பிய கோபத்தின் விளைவாக வந்த பிரிவு இது. ஆக, எல்லாவற்றையும் மன்னித்துவிடும் சட்டம் அல்ல இது.

பிறகு ஓட்டை எங்கே? பதிவு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. காவல் நிலையம், இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், நன்னடத்தை அலுவலர் என்று பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. கொடுங்குற்றம் அல்லாதவற்றில் சிறுவர்மீது எஃப்.ஐ.ஆர். போடாமல், பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்கின்றன மாதிரி விதிகள். ஆனால் பெரியவர்களோடு சேர்ந்து சிக்கினால் எஃப்.ஐ.ஆர். உண்டு. ஒரு கோப்பைக் கொளுத்தினாலும் மற்றொன்று பிழைத்திருக்கும்.

தண்டனையிலும் ஏற்றத்தாழ்வு. சிறுவனின் அடையாளத்தைப் பத்திரிகை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே 74ஆவது பிரிவு, சான்றிதழில் பழைய வழக்கை எழுதும் போலீஸ்காரருக்குத் தண்டனை எதையும் குறிப்பிடவில்லை. பதிவை அழிக்கச் சொல்லும் 24ஆவது பிரிவும், அழிக்கத் தவறியவரைப் பற்றி மௌனம்.

பாதுகாப்புப் படை வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு, சிறுவயதில் நடந்த வழக்கைக் காட்டி வேலை மறுக்கப்பட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: தண்டனையே பெற்றிருந்தாலும் அந்தக் களங்கம் தொடரக்கூடாது. ஆனால் அதற்கு அவர் டெல்லி வரை வழக்காட வேண்டியிருந்தது. எல்லோராலும் அது முடியுமா?

பரிகாரம் எளிது. ‘18 வயதுக்கு முன் நடந்ததை, சட்டம் விலக்கியவை தவிர, எழுத வேண்டாம்’ என்று படிவத்திலேயே அச்சிடலாம். பதிவை அழித்ததற்கு அத்தாட்சியாக ஓர் உத்தரவு நகலைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுக்கலாம். அதுவரை சட்டம் தந்த மறுவாழ்வு, சரிபார்க்க வரும் ஏட்டையாவின் தயவில்தான் இருக்கிறது.