வளர்ற பிள்ளைக்குப் பெருசா வாங்கலாமா? குட்டீஸின் முதல் கோல்ஃப் மட்டை!

காரைக்கால் தலத்தெருவில் ஒரு குழந்தை, ‘எனக்கு கோல்ஃப் ஸ்டிக் வேணும்’ என்று கேட்டால், வீட்டில் முதலில் சிரிப்புதான் வரும். கிரிக்கெட் மட்டையோ ஷட்டில் ராக்கெட்டோ கேட்டால் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவிடலாம். இதை எங்கே போய்த் தேடுவது?

ஆனால், தேடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. காரைக்கால் பகுதியில் பல குடும்பங்களுக்கு பிரான்ஸில் சொந்தபந்தம் உண்டு. லீவுக்குக் கிளம்பும் முன்பு ‘குழந்தைக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?’ என்று மாமாவோ சித்தப்பாவோ போனில் கேட்பார்கள். பிரெஞ்சு நிறுவனமான டெகாத்லானில் ‘இனெசிஸ்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான கோல்ஃப் மட்டைகள் கிடைக்கின்றன. அதே நிறுவனத்துக்குச் சென்னையிலும் கடைகள் இருக்கின்றன. ஆன்லைனிலும் வாங்கலாம்.

சரி, எதை வாங்குவது? பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

யூனிஃபார்ம் கணக்கு இங்கே செல்லாது

பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தால், ‘வளர்ற பிள்ளை... ரெண்டு இன்ச் கூட வைங்க’ என்று டெய்லரிடம் சொல்வது நம் வழக்கம். உள்ளே மடித்துத் தைத்த துணியை அடுத்த வருடம் பிரித்துவிட்டால் போதும். சைக்கிளைக்கூட சீட்டை இறக்கி வைத்து, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கோல்ஃப் மட்டைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பெரியவர்கள் பயன்படுத்தும் டிரைவர் என்ற நீளமான மட்டை சுமார் 45 அங்குலம், அதாவது 114 செ.மீ. இருக்கும். ஏறக்குறைய 6 வயதுக் குழந்தையின் உயரமே அவ்வளவுதான்! தன் உயரத்துக்கு ஒரு கம்பைப் பிடித்துச் சுழற்றும் குழந்தை என்ன செய்யும்? பந்தை அடிப்பதை விட்டுவிட்டு, மட்டையைத் தூக்கவே போராடும். உடலைப் பின்னால் சாய்க்கும், முழங்கையை மடக்கும், மணிக்கட்டை முறுக்கும். பத்து முறை சுழற்றியும் பந்தில் படவில்லை என்றால், மட்டையைப் போட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடும்.

‘பிள்ளைக்கு ஆர்வம் இல்லை’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அங்கே பொருந்தாமல் போனது மட்டைதான்.

‘வெட்டிக் கொடுத்தால் போதாதா?’

யாராவது பெரியவரின் பழைய மட்டை கிடைத்தால், ஹேக்ஸா பிளேடால் அறுத்துக் குட்டையாக்கிவிடலாம் என்று தோன்றும். நீளம் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால், மற்ற மூன்று பிரச்னைகள் அப்படியே இருக்கும்.

முதலாவது, எடை. மட்டையின் கனம் பெரும்பாலும் அடியில் இருக்கும் தலைப்பகுதியில்தான். மேலே அறுத்தால் அது குறையாது.

இரண்டாவது, வளைவு. கோல்ஃப் மட்டையின் தண்டு, அடிக்கும்போது லேசாக வளைந்து நிமிர வேண்டும். நீளமான மூங்கில் கழி வளையும். அதையே பாதியாக வெட்டினால் வளையாது அல்லவா? அதேபோல, வெட்டிய தண்டு விறைத்துவிடும். குழந்தையின் மெதுவான வீச்சுக்கு அது அசைந்தே கொடுக்காது.

மூன்றாவது, பிடி. பெரியவர்களின் கைக்கேற்ற தடிமனான பிடியைச் சின்ன விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது.

இதனால்தான் குழந்தைகளுக்கென்று லேசான தலை, வளையும் தண்டு, மெல்லிய பிடி வைத்துத் தனியாகத் தயாரிக்கிறார்கள். பந்து எளிதாக மேலே எழும்பும்படி முகப்பும் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். அடித்த பந்து காற்றில் பறப்பதைப் பார்த்தால்தானே குழந்தைக்கு அடுத்த பந்தை அடிக்க ஆசை வரும்!

மாமாவுக்கு அனுப்ப வேண்டிய மூன்று தகவல்கள்

பெட்டியின்மேல் ‘5 முதல் 7 வயது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே வகுப்பில் படிக்கும் 6 வயதுப் பிள்ளைகளில் ஒருவர் 106 செ.மீ., இன்னொருவர் 120 செ.மீ. இருக்கலாம். வாங்கப் போகிறவருக்கு வாட்ஸ்அப்பில் இந்த மூன்றையும் அனுப்புங்கள்.

* உயரம்: ஷூ போடாமல் சுவரோரம் நிற்கவைத்து, செ.மீ. கணக்கில் அளந்து சொல்லுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால், சின்னதையே தேர்ந்தெடுப்பது நல்லது.
* எந்தக் கை: வலக்கை, இடக்கை மட்டைகள் தனித்தனி. எழுதும் கையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துத் தரையில் கிடக்கும் பந்தைத் தள்ளச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நின்று தள்ளுகிறது என்று நாலைந்து முறை கவனியுங்கள். அமெரிக்க வீரர் ஃபில் மிக்கல்சன் மற்ற வேலைகளுக்கெல்லாம் வலக்கைக்காரர். கோல்ஃப் மட்டும் இடக்கை ஆட்டம். சிறுவயதில் அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துப் பழகியதுதான் காரணம்.
* எத்தனை மட்டை: ‘முழு செட் வேண்டாம்’ என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கோல்ஃப் மட்டையை விமானத்தில் கைப்பையோடு எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சிறு குழந்தைக்கான மட்டை பெரிய சூட்கேஸில் குறுக்காக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பதினான்கு வேண்டாம், இரண்டு போதும்

கோல்ஃப் விதிப்படி ஒருவர் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. 4 முதல் 7 வயது வரை இரண்டே போதும். ஒன்று, தரையோடு பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் பட்டர் (ரொட்டிக்குத் தடவுவது அல்ல!). இன்னொன்று, பந்தைத் தூக்கி அடிக்க ‘7 அயர்ன்’. ஆர்வம் நிலைத்தால் தூரம் அடிக்க ஒரு மட்டையைப் பிறகு சேர்க்கலாம்.

ஒரே மட்டையால் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்பவர்கள், ஸ்பெயினின் செவே பாலஸ்டெரோஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ல் பெத்ரேன்யா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அண்ணன் கொடுத்த ஒரே ஒரு ‘3 அயர்ன்’ மட்டையோடு கடற்கரை மணலில் அடித்து அடித்துப் பழகினார். எட்டி அடிக்கவும், மெல்லத் தட்டவும், மணலில் புதைந்த பந்தை எடுக்கவும் அந்த ஒன்றுதான். பின்னாளில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 1979, 1984, 1988 என மூன்று முறையும், அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை 1980, 1983 என இரண்டு முறையும் வென்றார்.

குழியிலிருந்து பின்னோக்கி...

முதலில் பட்டர் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ.தான். பந்தை எவ்வளவு தூரம் அடித்தாலும், கடைசியில் அந்தக் குழிக்குள் தள்ளினால்தான் கணக்கு முடியும். குழிக்கு அருகிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவது குழந்தைக்கு எளிது. பந்து உள்ளே விழும் சந்தோஷமும் உடனே கிடைக்கும்.

நம் பக்கத்து உதாரணம் அதிதி அசோக். பெங்களூருவில் 1998-ல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கோல்ஃப் ஆடி வளர்ந்தவர்கள் அல்லர். கர்நாடகா கோல்ஃப் சங்க மைதானம் தெரியும்படி இருந்த உணவகத்துக்குக் குடும்பத்தோடு காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது, 5 வயது அதிதிக்கு அந்த ஆட்டத்தின்மேல் ஆசை வந்தது. பட்டிங் பயிற்சிப் புல்வெளியில்தான் தொடங்கினார். 18 வயதில் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ். அப்பா மட்டைப் பையைச் சுமந்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பையைச் சுமந்தவர் அம்மா. அங்கே ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலம் தவறி, நான்காம் இடம் பிடித்தார். அந்தப் போட்டி முழுக்க அவரைத் தாங்கிப் பிடித்தது, சிறுவயதில் தொடங்கிய அதே பட்டிங்தான்.

மைதானம் இல்லாத ஊரில்?

காரைக்காலிலிருந்து கோல்ஃப் மைதானம் பார்க்க வேண்டுமென்றால் நீண்ட பயணம்தான். சென்னை நந்தனம், கோவை, ஊட்டி, 1895-லேயே கிளப் தொடங்கப்பட்ட கொடைக்கானல் என எல்லாமே தூரம். கோடை விடுமுறையில் கொடைக்கானல் போனால், குழந்தைக்கு ஒருமுறை வெளியிலிருந்தாவது காட்டலாம்.

அதுவரை வீடே மைதானம். கூடத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்தால் அதுதான் குழி. மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, பந்தை அதற்குள் நிறுத்தச் சொல்லலாம். தூக்கி அடிக்க, ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பந்தோ ஸ்பாஞ்ச் பந்தோ போதும். நிஜ கோல்ஃப் பந்து 45 கிராமுக்குமேல் எடையுள்ள கெட்டியான பொருள். ஜன்னல் கண்ணாடியை மட்டுமல்ல, மண்டையையும் பதம் பார்த்துவிடும். தெருவிலும், ஆட்கள் நடமாடும் கடற்கரையிலும் அதைத் தொடவே கூடாது.

வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். மட்டை கையில் இருக்கும்போது மற்றவர்கள், குறிப்பாகத் தம்பி தங்கைகள், பெரியவர் நடையில் நான்கைந்து அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் மட்டையை எடுக்கக் கூடாது.

எப்போது மாற்றுவது?

குழந்தை பந்தை அடிக்க நிற்கும்போது கவனியுங்கள். பிடியின் நுனியிலிருந்து ஓர் அங்குலம் விட்டுப் பிடித்தால் சரியாக இருக்கிறதா? அது நல்ல அளவு. அதைவிடக் கீழே இறங்கிப் பிடித்தால்தான் முடிகிறது, பிடியின் நுனி வயிற்றில் இடிக்கிறது என்றால் மட்டை பெரிது. நுனியைப் பிடித்தும் முதுகை வளைத்துக் குனிய வேண்டியிருந்தால் சிறிதாகிவிட்டது. பொதுவாக 7, 8 செ.மீ. உயரம் கூடினால் அடுத்த அளவு தேவைப்படும். ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை வருடம் வரும்.

‘ஒன்றரை வருஷத்துக்கு இவ்வளவு செலவா?’ என்ற கேள்வி நியாயமானதே. அதனால்தான் இரண்டு மட்டையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது. குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால், அதிகம் தேயாத பழைய மட்டைகளும் விற்பனைக்கு வரும்; அளவு பொருந்தினால் தயங்காமல் வாங்கலாம். உங்கள் வீட்டு மட்டை சிறிதானதும் தம்பிக்கோ, பெரியப்பா வீட்டுப் பிள்ளைக்கோ, எதிர்வீட்டுக் குழந்தைக்கோ கொடுங்கள். யூனிஃபார்மை மடித்துத் தைத்து மிச்சம் பிடித்ததை, இங்கே கைமாற்றிக் கொடுத்து மிச்சம் பிடிக்கலாம்.