நந்தனின் ஆண்டையும் நாற்பது வேலி நிலமும்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திர’த்தில் வரும் வேதியர், சாதித் திமிரும் நில உடைமையும் ஒன்றாகச் சேர்ந்த பாத்திரம். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இவர் கிடையாது. அதில் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறார்; குலத்தை எண்ணித் தாமே தயங்குகிறார். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தில் வாழ்ந்த பாரதியார், அவரைப் பண்ணையாளாக்கி, அவருக்கு மேல் ஓர் ஆண்டையையும் வைத்தார்.

சிதம்பரத்துக்குத் திருவாதிரை தரிசனத்துக்குப் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். சேரியில் பிறந்தவனுக்குச் சிதம்பரம் எதற்கு என்று வேதியர் சீறுகிறார். ஆள் போய்விட்டால் வயல் வேலை என்னாவது என்ற கணக்கும் அந்தச் சீற்றத்தில் இருக்கிறது. அதனால்தான் கடைசியில் அவர் விதிக்கும் நிபந்தனை நிலத்தைப் பற்றியதாகிறது: நாற்பது வேலியிலும் வேலையை முடித்துவிட்டுப் போகலாம். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். தனி ஆளால் ஆகாத வேலை என்று தெரிந்தே அவர் இதைச் சொல்கிறார்.

இறைவன் அருளால் ஒரே இரவில் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். ஆனால் அந்த வணக்கம் அடியார் ஒருவருக்கு மட்டுமே உரியது. சேரியில் இருக்கும் மற்றவர்களுக்குக் கூலியோ நிலமோ விடுதலையோ கிடைப்பதில்லை. அற்புதத்தைக் கண்டு மனம் மாறியவருக்குத் தம் பண்ணையாட்கள்மேல் கடமை உண்டு என்பது அப்போதும் உறைக்கவில்லை.

இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய ‘நந்தன் கதை’ நாடகம் அந்த அற்புதத்தையே நீக்கிவிட்டது. இதில் ஆதிக்க சாதியினர் கூடிச் சதி செய்து நந்தனை நெருப்புக்கு அனுப்புகிறார்கள். ஒருவரின் கெட்ட குணம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, பழி ஊர் ஆதிக்கத்தின் மேலேயே விழுகிறது.

மேடைக்கு வெளியேயும் இதே நிலைதான் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை தந்தார். அவர்கள் நிலம் பெற முடியாதபடி மிராசுதாரர்கள் தடுத்ததையும், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்கு உறுதியில்லாமல் இருந்ததையும் அது எடுத்துச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1892இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய நிலங்களே பஞ்சமி நிலங்கள். வேதியருக்குத் தோன்றாத கடமையை அரசாணைதான் நினைவூட்ட வேண்டியிருந்தது. காலில் விழுவதோடு பொறுப்பு முடிவதில்லை. உழைப்பவனுக்கு நிலத்தில் உரிமை தருவதில்தான் அது தொடங்குகிறது.