காஸ்பரோவை டிராவில் நிறுத்திய 13 வயது சிறுவன்!

மார்ச் 2004. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் ரேபிட் செஸ் போட்டி. ஒரு பக்கம், அப்போது உலகின் நம்பர் 1 வீரரான கேரி காஸ்பரோவ். எதிரில், நார்வேயிலிருந்து வந்த 13 வயது சிறுவன். ரேபிட் என்பதால் யோசிக்க அதிக நேரம் கிடையாது. ஆனாலும், காஸ்பரோவ் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுவன் எழுந்துபோய், பக்கத்து போர்டுகளை வேடிக்கை பார்த்தான்!

வெள்ளைக் காய்கள் சிறுவனுக்கு. காஸ்பரோவ் தேர்ந்தெடுத்தது 'கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ்' தற்காப்பு. 1904-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இதே பெயர் கொண்ட ஊரில் நடந்த போட்டியில் பலமுறை ஆடப்பட்டதால் வந்த பெயர் இது. கறுப்பு ராணி 6-வது நகர்த்தலிலேயே ஓரத்துக்கு வந்து, வெள்ளைக் குதிரையைக் குறிவைக்கும். கொஞ்சம் அசந்தாலும் வெள்ளைக்குச் சிக்கல்தான்.

சிறுவன் அசரவில்லை. இன்னொரு குதிரையைப் பின்னால் இழுத்து அரண் கட்டினான். 27-வது நகர்த்தலில் ஒரு சிப்பாயையும் வெட்டி முன்னிலை பெற்றான். வியர்த்தது காஸ்பரோவுக்குத்தான்!

பிறகு ஏன் வெற்றி கிடைக்கவில்லை? ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு, சிறுவனின் பிஷப் கறுப்புக் கட்டங்களிலும் காஸ்பரோவின் பிஷப் வெள்ளைக் கட்டங்களிலும் நின்றன. இவை இரண்டும் ஒன்றையொன்று மோதவே முடியாது. கூடுதலாக இருந்த சிப்பாய் அடுத்து கால்வைக்க வேண்டியது வெள்ளைக் கட்டம். அதை காஸ்பரோவின் பிஷப் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 52 நகர்த்தல்களில் ஆட்டம் டிரா.

அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் ஜெயித்து, சிறுவனை வெளியேற்றினார். ஆனால், செஸ் உலகம் இன்றும் பேசுவது அந்த டிராவைத்தான். சிறுவனின் பெயர் மேக்னஸ் கார்ல்சன். 2009-ல் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், அதே காஸ்பரோவ்! 2013-ல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை வீழ்த்தி, 22 வயதில் உலக சாம்பியன் ஆனார் கார்ல்சன்.

ஸ்கோர் அட்டையில் அன்று அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளிதான். ஆனால், யாரிடமிருந்து அதை வாங்கினார் என்பதில் இருக்கிறது அதன் மதிப்பு. ஜெயிக்காத எல்லா ஆட்டமும் தோற்ற ஆட்டம் இல்லை!